பூட்டிய கேட்டும் டூத் பிரஷும்

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் எட்டாம் வகுப்பு அறையின் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு நீள்சதுரம் போட்டேன். மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, 26 பிள்ளைகளையும் அதற்குள் போய் நிற்கச் சொன்னேன். யூதர்களை ஏற்றிப்போன சரக்கு ரயில் பெட்டிக்குள் எவ்வளவு நெரிசல் இருந்திருக்கும் என்று அவர்களுக்குப் புரியவேண்டும் என்பது என் எண்ணம். முதல் அரை நிமிடம் அமைதி. அப்புறம் ஒரு பையன் ரயில் கூவுவதுபோல் குரல் கொடுத்தான். சிரிப்பு, தள்ளுமுள்ளு. ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. டேப்புக்கு வெளியே வந்தாள், பையை எடுத்துக்கொண்டாள், கதவைத் திறந்து போய்விட்டாள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்தவர்கள் போலந்தில் அப்படியொரு பெட்டியில் ஏற்றப்பட்டவர்கள் என்பது, மறுநாள் அவள் அம்மா தொலைபேசியில் சொன்னபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா கத்தவில்லை. "நீங்கள் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்தானே?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம், போய்வந்தவள்தான். அதற்கு மூன்று வாரம் முன்புதான் வாஷிங்டனிலிருந்து திரும்பியிருந்தேன். வட கரோலினாவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் 14 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அந்த வருடம் எங்கள் வட்டாரத்திலிருந்து ஆறு ஆசிரியர்கள் இரண்டு பயணங்கள் போனோம். பிப்ரவரியில் வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூதப் படுகொலை) நினைவு அருங்காட்சியகம். ஜூலையில் டென்னசி, அலபாமா மாநிலங்களில் ஆறு நாள். இடையில் நடந்தது என்னுடைய டேப் கூத்து. போன இடங்களில் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கத் தவறினோம், அது வகுப்பறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை என் நோட்டுப் புத்தகத்திலிருந்தும், பயணத்துக்குப் பிறகு ஆறு பேரும் உட்கார்ந்து பேசியதிலிருந்தும் எழுதுகிறேன்.

வாஷிங்டன்: பெட்டியும் பால் கேனும்

1993 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் எல்லோரும் பேசுவது அந்த ரயில் பெட்டியைப் பற்றித்தான். அதற்குள்ளே நடந்துதான் அடுத்த பகுதிக்குப் போகலாம். பலகை வாசனை, இருட்டு, காலடிச் சத்தம். நான் உள்ளே நின்ற அரை நிமிடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்து, மைதானெக் முகாமிலிருந்து வந்த செருப்புக் குவியல். அப்புறம் மூன்று தளம் உயரத்துக்குப் புகைப்படங்கள் அடுக்கிய கோபுரம். லித்துவேனியாவில் எய்ஷிஷோக் என்ற ஊரின் யூதர்கள், கல்யாணத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஆற்றங்கரையிலும் எடுத்துக்கொண்ட படங்கள். 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் அந்த ஊர் யூதர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

வெளியே வந்தபோது என்னிடம் மிச்சமிருந்தது அந்த உணர்ச்சி மட்டும். அதை அப்படியே மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுபோய் வகுப்பில் அவிழ்த்துவிட்டேன். என் மனதில் ஆயிரமாயிரம் பேருடைய கதையோடு ஒட்டி நின்ற அந்த இருட்டு, பிள்ளைகளுக்கு ஒட்டும் டேப்பாக மட்டும்தான் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியில் இப்படி நடித்துக் காட்டும் பயிற்சிகள் வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் அனுபவத்தை வகுப்பறையில் செய்து காட்டமுடியாது, முயன்றால் அது விளையாட்டாகிவிடும் என்கிறார்கள். அந்தக் காகிதம் அன்று என் கைப்பையில் இருந்தது. படிக்கவில்லை.

எங்கள் குழுவில் ஒரு பள்ளி நூலகர் உண்டு. அவர் ரயில் பெட்டியில் அதிகம் நிற்கவில்லை. துருப்பிடித்த ஒரு பால் கேன் முன்னால் இருபது நிமிடம் நின்றார். எனக்கு அப்போது சலிப்பாகக்கூட இருந்தது, காப்பி குடிக்கப் போகலாமே என்று. அந்தக் கேனின் கதையை அவர் சொல்லித்தான் முழுதாகக் கேட்டேன்.

வார்சா கெட்டோவுக்குள், அதாவது போலந்துத் தலைநகரில் யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த பகுதிக்குள், நடப்பதையெல்லாம் எழுதிச் சேர்த்துவைக்க ரகசியமாக ஒரு குழு இயங்கியது. அதை நடத்திய இமானுவேல் ரிங்கல்பிளம் வரலாற்றாய்வாளர். போருக்கு முன் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்றாசிரியராகவும் இருந்தவர். ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், பிள்ளைகள் எழுதிய கட்டுரை என்று எதையும் விடாமல் சேர்த்தார்கள். 1942 ஜூலை 22 அன்று கெட்டோவிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியதும், சேர்த்ததைப் புதைக்கவேண்டியதாயிற்று. முதல் தொகுதியைப் பத்துத் தகரப் பெட்டிகளில் அடைத்து, நொவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தவர் இஸ்ரயேல் லிக்டென்ஸ்டைன். அவரும் ஆசிரியர். கூட மண் தோண்டியவர்கள் அவருடைய பழைய மாணவர்கள் இருவர், டாவிட் கிராபரும் நாஹும் க்ஷிவாச்சும். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. உலகத்திடம் கத்திச் சொல்லமுடியாததை மண்ணில் புதைத்தோம் என்று கிராபர் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தார். மூவரும் போரைத் தாண்டவில்லை. ரிங்கல்பிளம் 1944 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். தகரப் பெட்டிகள் 1946 செப்டம்பரில் தோண்டி எடுக்கப்பட்டன. இரண்டாம் தொகுதி இருந்த இரண்டு பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. வாஷிங்டனில் இருப்பது அவற்றில் ஒன்று.

"பார், ஒரு வாத்தியாரும் ரெண்டு பசங்களும் பள்ளிக்கூடத்துக்குக் கீழே குழி தோண்டியிருக்காங்க" என்பதுதான் நூலகர் சொன்னதன் சாரம். அவரே அன்றிரவு விடுதியில் இன்னொரு படத்தையும் காட்டினார். 1930களின் ஒரு வகுப்பறை. கரும்பலகை முன்னால் இரண்டு யூதச் சிறுவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். பலகையில் யூதன்தான் நம் பெரிய எதிரி என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறது. நூலகர் கேட்டார்: "இது யாருடைய கையெழுத்து?"

அந்தக் கேள்வி ஜூலை வரை எங்களை விடவில்லை. நான்கு பேர் அதையே பிடித்துக்கொண்டு படித்தோம். 1933 ஏப்ரல் 7 அன்று வந்த அரசுப்பணிச் சட்டம் யூத ஆசிரியர்களையும் அரசுக்கு ஆகாத ஆசிரியர்களையும் வேலையிலிருந்து நீக்க வழிசெய்தது. முதல் உலகப்போரில் களத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கொஞ்சகாலம் விலக்கு. அதே மாதக் கடைசியில் இன்னொரு சட்டம், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் யூதப் பிள்ளைகள் இத்தனை விழுக்காடுதான் இருக்கலாம் என்று வரம்பு போட்டது. 1938 நவம்பரில் பொதுப் பள்ளிகளிலிருந்து அவர்கள் அடியோடு வெளியேற்றப்பட்டார்கள். மிச்சமிருந்த ஆசிரியர்கள்? 1930களின் பிற்பாதியில் நாட்டு ஆசிரியர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் நாஜி ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர்கள். கணக்குப் பாடத்தில்கூட, மனநோயாளிகளைப் பராமரிக்க அரசுக்கு ஆகும் செலவில் எத்தனை வீடு கட்டலாம் என்ற மாதிரிக் கணக்குகள் வந்துவிட்டன. அதைப் பலகையில் எழுதிப்போட்டு விடைத்தாள் திருத்தியவர் நம்மைப்போல் ஒருவர்தான்.

விட்வெல்: எண்ணிக்கை

ஜூலைப் பயணத்தின் முதல் நிறுத்தம் டென்னசி மலையடிவாரத்தில் விட்வெல் என்ற ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது, பெரும்பாலும் வெள்ளையர், பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். 1998இல் இந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் ஹோலோகாஸ்ட் பாடம் தொடங்கியபோது, கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. சரி, ஆளுக்கொரு பேப்பர் கிளிப்பாகச் சேர்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது நார்வேயில் மக்கள் எதிர்ப்பைக் காட்டச் சட்டையில் பேப்பர் கிளிப் குத்திக்கொண்டார்கள் என்பதால் அந்தத் தேர்வு. உலகம் முழுவதிலுமிருந்து மூன்று கோடிக்கு மேல் வந்து குவிந்தன. ஜெர்மனியிலிருந்து ஒரு நிஜச் சரக்குப் பெட்டியே வந்து சேர்ந்தது. இன்று பள்ளி வளாகத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒரு கோடியே பத்து லட்சம் கிளிப்புகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

எங்கள் கணக்கு ஆசிரியருக்கு அந்த எண்ணில் உடனே சந்தேகம் வந்தது. அறுபது லட்சம் யூதர்கள், சரி. மற்ற ஐம்பது லட்சம் எங்கிருந்து வந்தது? அவர் கேட்டது நியாயமே. யூதர் அல்லாத ஐம்பது லட்சம் பேர் என்ற எண்ணிக்கையைப் பரப்பியவர், நாஜிக் குற்றவாளிகளைத் தேடிப்பிடித்த சைமன் வீசெந்தால்; அதற்கு ஆதாரக் கணக்கு எதுவும் இல்லை என்று யெஹுதா பாவர் போன்ற வரலாற்றாசிரியர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். போர்க்கைதிகள், பொதுமக்கள் என்று நாஜிகள் கொன்ற யூதர் அல்லாதவர்களின் தொகை அதைவிட மிகப் பெரியது. முகாம்களில் மட்டும் என்று பார்த்தால் மிகச் சிறியது. எப்படிப் பார்த்தாலும் ஐம்பது லட்சம் பொருந்தாது.

நான் அந்தப் பெட்டிமுன் நின்று கேலி செய்யும் நிலையில் இல்லை. என் டேப் பெட்டியைவிட அது ஆயிரம் மடங்கு கண்ணியமானது. பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள், பதில் படித்தார்கள், உயிர்தப்பியவர்களை ஊருக்கு வரவழைத்தார்கள். ஆனாலும் எண்ணிக்கை ஒரு கட்டத்துக்குமேல் எதையும் காட்டுவதில்லை. கிளிப்பெல்லாம் ஒரே மாதிரி. எய்ஷிஷோக் கோபுரத்தில் ஒரு முகம்போல் இன்னொன்று இல்லை.

பர்மிங்காம்: பூட்டிய கேட்டு

அலபாமாவின் பர்மிங்காமில் மூன்று நாள் இருந்தோம். பயணத்தில் எனக்கு மிகவும் கனமாக இருந்த ஊர் அதுதான். கெல்லி இங்ரம் பூங்காவின் நடைபாதையில் இரண்டு பக்கமும் சுவரிலிருந்து வெண்கல நாய்கள் பாய்கின்றன. நடுவில் நடந்துதான் போகவேண்டும். எதிரே கறுப்பினத்தவரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே வெள்ளை இனவெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள்: 14 வயதில் ஆடி மே காலின்ஸ், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி, 11 வயதில் டெனிஸ் மெக்நேர். டெனிஸின் அம்மா பள்ளி ஆசிரியை. சிந்தியாவை வளர்த்தவர்களும் ஆசிரியர்கள். குண்டு வைத்தவர்களில் முதல் ஆளுக்கு 1977இல்தான் தண்டனை கிடைத்தது. மற்ற இருவருக்கு 2001லும் 2002லும்.

இவ்வளவும் எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. எங்கள் குழுவின் மூத்த ஆசிரியை, கறுப்பினத்தவர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர், முதல் நாளே வழிகாட்டியிடம் வேறொன்றைக் கேட்டார்: "அந்த மே மாதம் வகுப்பில் யார் இருந்தார்கள்?"

1963 மே 2. பெரியவர்கள் கைதானால் வேலை போகும், வாடகை நிற்கும். அதனால் இனப்பாகுபாட்டை எதிர்த்து மாணவர்களே ஊர்வலம் போகட்டும் என்று ஜேம்ஸ் பெவல் முதலான தலைவர்கள் முடிவெடுத்தார்கள். கறுப்பின வானொலி அறிவிப்பாளர்கள், பூங்காவில் பார்ட்டி இருக்கிறது என்று சங்கேதமாகச் சொன்னார்கள். அன்றே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கைது. மறுநாள் தீயணைப்புக் குழாய்த் தண்ணீரும் நாய்களும். அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன.

பார்க்கர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் கேட்டைப் பூட்டினார். பிள்ளைகள் வேலியேறிக் குதித்துப் போனார்கள். வேறு சில வகுப்புகளில் ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதிக்கொண்டே இருந்தார், முதுகுக்குப் பின்னால் வகுப்பு காலியானது. அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த காட்சி இது. முதுகைக் காட்டியது கோழைத்தனமா, அனுமதியா? எங்கள் குழுவில் ஆறு பேருக்கு ஆறு கருத்து. இளம் ஆசிரியர் ஒருவர், பணியில் சேர்ந்து முதல் வருடம், பூட்டிய தலைமையாசிரியரை மன்னிக்கவே முடியாது என்றார். மூத்த ஆசிரியை அவரை ஒரு பார்வை பார்த்தார். "அந்தக் கேட்டுக்கு வெளியே நாய் நின்றது. உள்ளே இருந்தது அவரை நம்பி அனுப்பிய பிள்ளை. நீயாயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது."

வேலைபோகும் பயம் கற்பனை இல்லை. தென் கரோலினாவில் 1956இல் அரசு ஊழியர் எவரும் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை உறுப்பினராகவே இருப்பேன் என்றார். நாற்பதாண்டுச் சேவையும் ஓய்வூதியமும் போயின. அவர் அதற்குப்பின் சும்மா இருக்கவில்லை; வாக்குரிமைத் தேர்வுக்குப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் பள்ளிகளைத் தென் மாநிலங்கள் முழுக்கப் பரப்பினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஊர்வலங்கள் முடிந்து உடன்பாடு ஏற்பட்டபிறகும் விஷயம் ஓயவில்லை. மே 20 அன்று பர்மிங்காம் கல்வி வாரியம் ஊர்வலம் போன 1,081 மாணவர்களைப் பள்ளியிலிருந்து விலக்க உத்தரவிட்டது. உள்ளூர் மத்திய நீதிமன்ற நீதிபதி அதை ஏற்றார். உத்தரவு வந்த இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அதை நிறுத்தினார். அந்த 1,081 என்ற எண்ணைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: இந்தப் பட்டியலை யாரோ தயாரித்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்த நாள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் குறி போட்டவர் யார்? நான் தினமும் காலை எட்டே காலுக்குச் செய்கிற வேலை அது.

செல்மா: படிக்கட்டு

செல்மா என்றால் எல்லோரும், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைக் காவலர்கள் அடித்த பெட்டஸ் பாலத்துக்குப் போவார்கள். நாங்களும் போனோம், நடந்தோம். வெயிலில் பாலம் ஒரு பாலமாகத்தான் இருந்தது. அதைப்பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை.

மூத்த ஆசிரியை எங்களை டல்லாஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனார். பாலத்தில் நடந்த அடிதடிக்கு ஆறு வாரம் முன்பு, 1965 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டபிறகு நூறுக்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக இந்தப் படிக்கட்டுக்கு வந்தார்கள். 105 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடத்திவந்தவர் ஃப்ரெடரிக் ரீஸ். ஹட்சன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத் தலைவர், பாதிரியாரும்கூட. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் உடையில் வந்தவர்கள், கையில் டூத் பிரஷ் வைத்திருந்தார்கள். சிறைக்குப் போகத் தயாராகவே வந்திருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஏன் வந்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1961இல் அந்தக் கவுண்டியில் வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். பதிவு செய்யப்பட்டவர்கள் 200 பேர்கூட இல்லை. பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே திங்கட்கிழமை திறக்கும். படிப்பறிவுத் தேர்வு என்று ஒன்று வைத்துப் பட்டதாரிகளையும் திருப்பி அனுப்புவார்கள். அலபாமாவிலேயே டஸ்கீகி கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் அந்தக் கதிதான். பகலில் குடிமையியல் பாடம் நடத்தி, அரசியல் சட்டத்தின் பிரிவுகளை ஒப்பிக்கச் சொல்லும் ஆசிரியருக்கு வாக்கு இல்லை.

படிக்கட்டில் ஷெரீஃப் ஜிம் கிளார்க்கும் அவருடைய ஆட்களும் தடியால் குத்திக் கீழே தள்ளினார்கள். ஆசிரியர்கள் எழுந்து மறுபடி ஏறினார்கள். மறுபடி தள்ளினார்கள். கடைசிவரை கைது மட்டும் செய்யவில்லை. அத்தனை பேரையும் உள்ளே போட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நடத்த ஆளிருக்காது, பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். அது அதிகாரிகளுக்கும் தெரியும். பிரவுன் சேப்பல் தேவாலயத்துக்குத் திரும்பிவந்தபோது மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குப்பின் அழகு நிலையப் பெண்கள், ஈமக்கிரியை நிலையம் நடத்துபவர்கள் என்று ஒவ்வொரு தொழிலாரும் கிளம்பினார்கள். வாத்தியார்களே போனபிறகு நமக்கென்ன என்ற எண்ணம். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

மூத்த ஆசிரியை படிக்கட்டில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "பென்ஷனுக்கு எனக்கு இன்னும் ரெண்டு வருஷம். நான் வந்திருப்பேனா தெரியவில்லை" என்றார். நூலகர் பையைத் துழாவி, விமானத்துக்காக வைத்திருந்த மடக்கு டூத் பிரஷை எடுத்து அவரிடம் நீட்டினார். இருவரும் சிரித்தார்கள். இதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாண்ட்கமெரி: ஒரு சண்டை

2018 ஏப்ரலில் திறக்கப்பட்ட அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்தில் 800க்கும் மேற்பட்ட துருநிற எஃகுத் தூண்கள் இருக்கின்றன, கறுப்பினத்தவர் கும்பல் கொலைக்கு ஆளான ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒன்று. 1877 முதல் 1950 வரை கொல்லப்பட்டவர்களில் அடையாளம் தெரிந்த 4,400க்கு மேற்பட்டவர்களுக்காக அவை நிற்கின்றன. முதலில் கண்மட்டத்தில் இருக்கும். நடக்க நடக்கத் தரை இறங்கும். கடைசியில் அவை தலைக்குமேல் தொங்கும். பெர்லினில் 2,711 கான்கிரீட் பாளங்களுடன் உள்ள யூதர் நினைவிடம் தங்களுக்கு முன்மாதிரிகளில் ஒன்று என்று இதைக் கட்டியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சுவரில் கொலைக்கான காரணங்கள் சிறுசிறு வரிகளில் இருக்கும். அதில் ஒன்று: 1933இல் பர்மிங்காமில் எலிசபெத் லாரன்ஸ் என்ற பெண், தன்மேல் கல்லெறிந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கண்டித்ததற்காகக் கொல்லப்பட்டார். அதைப் படித்துவிட்டு எங்கள் ஆங்கில ஆசிரியர் வெளியே போய் நின்றுகொண்டார். ஏய், கல்லெறியாதே. ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்.

1933 என்ற எண்தான் அன்றிரவு சண்டையைக் கிளப்பியது. ஆங்கில ஆசிரியர் ஆர்வக்கோளாறில் ஒரு யோசனை சொன்னார்: பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஜெர்மனி, இன்னொரு பக்கம் அலபாமா, ஆண்டு ஆண்டாக எழுதினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். மூத்த ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பத்தி போட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எது மோசம் என்பதாகத்தான் இருக்கும், துயரத்துக்கு மார்க் போட நான் தயாராக இல்லை என்றார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. டேப் ஒட்டியவள் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

நூலகர்தான் வழி சொன்னார். ஒப்பிடவேண்டாம், இரண்டும் நிஜமாகவே தொட்டுக்கொள்ளும் இடங்களை மட்டும் எடுப்போம். அப்படி இடங்கள் உண்டு. 1934 ஜூனில் ஜெர்மன் நீதியமைச்சர் தலைமையில் நடந்த கூட்டத்தில் சட்ட வல்லுநர்கள் அமெரிக்க மாநிலங்களின் கலப்புத் திருமணத் தடைச் சட்டங்களைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சற்று முன்னால் பேசியவர் யோவாகிம் பிரின்ஸ். ஹிட்லர் காலத்தில் பெர்லினில் யூத குருவாக இருந்தவர், அங்கே தான் கற்றது வெறுப்பைவிட மௌனம் கொடியது என்பதே என்றார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஜெர்மனியில் சட்டம் படித்து, தப்பி வந்த எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி, 1947 முதல் மிசிசிப்பியில் டூகலூ என்ற கறுப்பினக் கல்லூரியில் சமூகவியல் கற்பித்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே அறையில் உட்காரக்கூடாத ஊரில், தன் ஆய்வகத்தில் பொதுக் கூட்டங்கள் நடத்தினார். முன்கூட்டியே மாணவர்களை ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாராம். பின்னால் வரும் வெள்ளைக்கார விருந்தினருக்கு இடையில் உட்காருவதைத் தவிர வழியிருக்காது. சாகும்வரை அங்கேயே இருந்தார். கல்லூரி வளாகத்திலேயே அடக்கம்.

வகுப்பு

அடுத்த வசந்த காலப் பாடத்தை நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து அமைத்தோம். கண்ணீர் வரவைக்கும் படம் ஒன்றுகூட இல்லை. நடித்துக் காட்டுவதும் இல்லை. நான்கு நாள், நான்கு பொருள்: அரசுப்பணிச் சட்டம், பள்ளி நிலவறையில் புதைத்த பெட்டி, 1,081 பேரை விலக்கிய உத்தரவு, டூத் பிரஷ் ஊர்வலம். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்யமுடிந்தது, செய்தால் என்ன போயிருக்கும்?

எல்லாம் பிரமாதமாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். முதல் நாள் பாதி வகுப்பு தூங்கியது. சட்ட வாசகம் பதின்மூன்று வயதுக்குக் கனம். அடுத்த முறை அதைச் சுருக்கவேண்டும். பால் கேன் கதையில் விழித்துக்கொண்டார்கள். என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டதும், மிட்டாய்க் காகிதம் எதற்கு என்று ஒரு சண்டையே நடந்தது. மூன்றாம் நாள் ஒரு பையன், வழக்கமாக வாயே திறக்காதவன், "கேட்டைப் பூட்டியது பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே மிஸ்? அப்படியென்றால் அது தப்பா?" என்றான். இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். முடிவுக்கு வரவில்லை, வரவைக்க நானும் முயலவில்லை. மணி அடித்தபிறகும் இரண்டு பேர் கதவருகே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற ஐந்து பள்ளிகளிலும் ஒரே மாதிரி போகவில்லை. இளம் ஆசிரியரின் வகுப்பில் பேச்சு உள்ளூர் அரசியலுக்குத் திரும்பி, நிர்வாகத்திலிருந்து அழைப்பு வந்தது; இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டார். கணக்கு ஆசிரியர் பாடத்தையே மாற்றிவிட்டார். ஒரு புள்ளிவிவரம் எங்கிருந்து பிறக்கிறது என்று விட்வெல் எண்ணை வைத்து ஒரு வாரம் நடத்தினார், அவருடைய பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. மூத்த ஆசிரியை ஓய்வுபெறும் நாளில் நூலகர் அவருக்கு ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தார். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் புதிய பாடத்திட்டத்தை அனுப்பிவைத்தேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது, இரண்டே வரி. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார்; லிக்டென்ஸ்டைனின் மகள் பெயரையும் சேர்க்கலாமே, அவர் தன் கடைசித் தாளில் அவளைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்றிருந்தார். மார்கலித். அப்போது அவளுக்கு இருபது மாதம். சேர்த்துவிட்டேன்.

வகுப்பறைத் தரையில் டேப்பின் பசை இன்னும் முழுதாகப் போகவில்லை. கோடையில் துப்புரவுப் பணியாளர் இரண்டு முறை மெழுகு போட்டுத் தேய்த்தும், ஜன்னல் பக்க மூலையில் ஒரு கோணம் மட்டும் பழுப்பாக நிற்கிறது. இந்த வருடம் அங்கே உட்காரும் பையன் காலால் அதைச் சுரண்டிக்கொண்டே, "இது என்ன கோடு மிஸ்?" என்றான். சொன்னேன்.